பாதி காரும் மூன்று சென்ட் ஸ்டாம்பும்

கேள்வி இதுதான்: “1996-இல் வந்த ‘ஃபார்கோ’ படத்தைப் போன வாரம் பார்த்தேன். டார்க் காமெடி என்றார்கள், எனக்குச் சிரிப்பே வரவில்லை. கிரைம் படம் என்றார்கள், குற்றவாளி யார் என்று முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது. நடுவில் சம்பந்தமே இல்லாமல் ஒரு பழைய நண்பன் வந்து அழுதுவிட்டுப் போகிறான். உண்மைக் கதை என்று வேறு போடுகிறார்கள், நிஜமா? அந்தப் பணம் கடைசியில் என்னதான் ஆனது? இதை ஏன் இப்படித் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள்?”

படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இனி வருவது முழுக்கக் கதை.

உங்களுக்குப் பிடிக்காமல் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கல்லூரி விடுதியில் ஏழு பேர் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டரில் இதைப் போட்டோம். முடியும்போது விழித்திருந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தன், “அந்த மரம் அரைக்கிற மெஷின் சீன் மட்டும் சூப்பர்டா” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனான். நானும் ஏறக்குறைய அதே கருத்தில்தான் இருந்தேன்.

என் கருத்தை மாற்றியது விமர்சகர் யாரும் இல்லை, என் அம்மா. வருடங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இதை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தபோது, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே அவரும் பார்த்தார். விடிவதற்கு முன்னால் போன் அடிக்கிறது; மூன்று கொலை என்று செய்தி; ஏழு மாதக் கர்ப்பிணியான போலீஸ் தலைவி மார்ஜ் எழுந்திருக்கிறாள். “வாயும் வயிறுமா இருக்கிற பொண்ண இந்தக் குளிர்ல எழுப்புறாங்களே, புருஷங்காரன் என்ன பண்றான்?” என்றார் அம்மா. புருஷன் நார்ம் அரைத்தூக்கத்தில் எழுந்து, சாப்பிடாமல் போகக் கூடாது என்று முட்டை செய்ய அடுப்படிக்குப் போகிறான். அவள் சாப்பிட்டு முடித்து, கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிறாள். நார்ம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் அவள் திரும்ப வருகிறாள்: போலீஸ் கார் ஸ்டார்ட் ஆகவில்லை, பேட்டரிக்கு உயிர் கொடுக்க வேண்டும். அம்மா சிரித்துவிட்டார். “சரி, நல்ல பையன்தான்” என்று நார்முக்கும் ஒரு சான்றிதழ் கிடைத்தது.

மூன்று பிணங்கள் பனியில் கிடக்கின்றன, படமோ முட்டையையும் பேட்டரியையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. நானும் என் நண்பர்களும் அன்று ‘சரி, கதைக்கு வாங்கப்பா’ என்று காத்திருந்த இடம் இதுதான். அம்மாவுக்கு அதுவே கதையாக இருந்தது. இந்தப் படத்தைப் பற்றிய கருத்து வேறுபாடுகளில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிரிகிறது என்று நினைக்கிறேன். அற்ப விஷயங்களைத் தள்ளிவிட்டுக் குற்றத்தைத் தேடினால் கையில் ஒன்றும் மிஞ்சாது, ஏனென்றால் குற்றம் முழுவதும் அந்த அற்ப விஷயங்களால்தான் ஆகியிருக்கிறது.

எண்ணிப் பாருங்கள். ஜெர்ரி லண்டகார்ட் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரத்தில் மாமனாரின் கார் ஷோரூமில் வேலை பார்ப்பவன். இல்லாத கார்களைக் காட்டிக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறான். மனைவியை ஆள் வைத்துக் கடத்தி மாமனாரிடம் பணம் கறக்கத் திட்டம். அதற்காக ஃபார்கோ நகரத்து மதுக்கடை ஒன்றில் இரண்டு ரவுடிகளைச் சந்திக்கிறான். பேச்சு எதில் ஆரம்பிக்கிறது? ஏழரைக்கு வருவதாகச் சொன்னாயே என்று அவர்கள், எட்டரை என்றுதானே சொன்னார்கள் என்று இவன். ஒரு மணி நேரக் குழப்பம். ஒரு பெண்ணின் உயிர் பற்றிய பேரம் இப்படி ‘யார் லேட்’ என்கிற வாய்ச்சண்டையில் தொடங்குகிறது.

முதல் மூன்று கொலைகளுக்கு என்ன காரணம்? புது காருக்குத் தற்காலிக நம்பர் ஒட்ட மறந்துவிட்டார்கள். அதற்காகத்தான் ரோந்துப் போலீஸ்காரர் காரை நிறுத்துகிறார். இரண்டு ரவுடிகளில் ஒருவனான கார்ல் லஞ்சம் கொடுத்துப் பார்க்கிறான், நடக்கவில்லை. பின் சீட்டில் கடத்தப்பட்டவள் முனகுகிறாள். அவ்வளவுதான். அவரைச் சுட்டு, அந்த வழியாகப் போன இரண்டு பேரையும் துரத்திச் சுட்டு... எல்லாம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டாததால்.

அப்புறம் அந்த நாலு டாலர். விமான நிலைய பார்க்கிங்கில் நம்பர் பிளேட் திருடிவிட்டு கார்ல் வெளியே வருகிறான். வண்டியை நிறுத்தவே இல்லை என்று சொல்கிறான். கூண்டுக்குள் இருக்கும் ஆள் மரியாதையாகவே, ஆனாலும் நாலு டாலர் கட்ட வேண்டும் என்கிறார். கார்லுக்கு வருகிற ஆத்திரத்தைப் பாருங்கள். கொலைக்குத் துணைபோனவன், கூண்டுக்குள் சீருடை போட்டிருப்பவன் என்ன பெரிய ராஜாவா என்று நாலு டாலருக்குப் பொங்குகிறான். சுங்கச்சாவடியில் சில்லறைக்காகச் சண்டை போடுபவரைப் பார்த்திருக்கிறீர்கள் இல்லையா? அதே முகம். ஸ்டீவ் புஷெமியின் நடிப்பில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

இதெல்லாம் போய்ச் சேருகிற இடம், கடைசியில் காரைப் பங்கு பிரிக்கிற சண்டை. மீட்புத்தொகை 80,000 டாலர், ஆளுக்குப் பாதி என்று ஜெர்ரி ரவுடிகளிடம் சொல்லியிருக்கிறான். மாமனாரிடம் பத்து லட்சம் டாலர் என்று சொல்லியிருக்கிறான். மிச்சத்தைத் தானே அமுக்கிக்கொள்வதுதான் திட்டம். பெட்டி கார்ல் கைக்கு வருகிறது, திறந்து பார்த்தால் பத்து லட்சம். 80,000-ஐ எடுத்துக்கொண்டு மீதி 9,20,000 டாலரைப் பனியில் புதைத்துவிட்டு, தாடையில் குண்டடி பட்ட காயத்தோடு கூட்டாளியிடம் வருகிறான். 40,000-ஐத் தூக்கிப் போடுகிறான். கார் எனக்கு என்கிறான். அந்த அதிகம் பேசாத கூட்டாளி (பீட்டர் ஸ்டார்மேர்), காரையும் பங்கு போட வேண்டும் என்கிறான். பாதி காரின் விலையைக் கொடுத்துவிடு, அவ்வளவுதான். ஒன்பது லட்சத்துச் சொச்சத்தைத் திருட்டுத்தனமாக ஒதுக்கிவைத்திருப்பவன், சில ஆயிரத்தைக் கொடுத்துவிட்டுப் போக மாட்டேன் என்கிறான்! கோடாலி வருகிறது, கார்லின் உடல் மரம் அரைக்கிற மெஷினுக்குள் போகிறது. உங்கள் நண்பர்களும் என் விடுதி நண்பனும் பேசுகிற அந்த மெஷின் காட்சி இந்தப் பாதி காரின் விலை.

இதில் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். வாய்விட்டுச் சிரிக்கிற சிரிப்பு எனக்கும் குறைவாகத்தான் வருகிறது. ஷோரூமில் ஒரு காட்சி உண்டு. வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொல்லியும் துருப்பிடிக்காத பூச்சு ஒன்றை அடித்துவிட்டு 500 டாலர் கூடுதலாகக் கேட்கிறான் ஜெர்ரி. அவர் கத்தவும், மேலாளரிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று பக்கத்து அறைக்குப் போகிறான். அங்கே சக ஊழியனிடம் ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு டிக்கெட் இருக்கிறதா என்று விசாரிக்கிறான். திரும்பி வந்து, ‘இதுவரை இப்படிச் செய்ததே இல்லை, உங்களுக்காக நூறு டாலர் குறைக்கச் சம்மதித்தார்’ என்கிறான். அந்த மனிதர் தயங்கித் தயங்கி, வாழ்க்கையில் முதல்முறையாகக் கெட்ட வார்த்தை பேசுபவரைப் போல ஒரு வசவை விடுகிறார். விட்டுவிட்டு? செக் புத்தகத்தை எடுக்கிறார். ஏமாற்றுக்காரன், ஏமாற்றுக்காரன் என்று திட்டிக்கொண்டே பணத்தைக் கட்டிவிட்டுப் போகிற அந்த மனிதரை நான் எங்கள் தெரு மளிகைக்கடையிலிருந்து கல்யாண மண்டபம் வரைக்கும் பார்த்திருக்கிறேன். சில நாள் கண்ணாடியிலும்.

நீங்கள் டப்பிங்கில் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. அப்படியென்றால் பாதிப் படத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள். அந்த ஊர்க்காரர்களின் பேச்சுதான் நகைச்சுவையின் அஸ்திவாரம். நார்வே, சுவீடனிலிருந்து குடியேறியவர்களின் வாடை அடிக்கிற இழுவை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ‘யா’. யாரையும் புண்படுத்தக் கூடாது என்கிற பணிவு. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒருத்தர் உச்சக் கோபத்திலும் “ஏனுங்க, இப்படிப் பண்ணலாமுங்களா?” என்று கேட்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ‘ங்க’வை எடுத்துவிட்டு மொழிபெயர்த்தால் என்ன மிஞ்சும்? கொலைகாரர்களோடு இருந்த இரண்டு பெண்களை மார்ஜ் விசாரிக்கிறாள். ஒருத்தன் எப்படி இருந்தான் என்றால், ‘பார்க்க ஒரு மாதிரியா இருந்தான்’ என்கிறாள் ஒருத்தி. எப்படி ஒரு மாதிரி என்று கேட்டாலும் அதே பதில், பொதுவாகவே ஒரு மாதிரி. இன்னொருத்தி, மற்றவன் மார்ல்போரோ சிகரெட் விளம்பரத்து ஆளைப் போல இருந்தான் என்கிறாள். உடனே, அவன் நிறைய மார்ல்போரோ பிடித்ததால் தனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம் என்றும் சேர்த்துக்கொள்கிறாள். மார்ஜ் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. ஆமாம், அப்படி ஆவது உண்டு என்று தலையாட்டுகிறாள். துப்பறிவாளர்கள் மேசையைத் தட்டுகிற படங்களையே பார்த்துப் பழகிய நமக்கு இந்தப் பொறுமை சப்பென்றுதான் இருக்கும்.

இன்னொரு இடம், போலீஸ்காரர் ஒருவரும் வீட்டு வாசலில் பனி தள்ளிக்கொண்டிருக்கும் பெரியவரும் பேசுவது. தன் மதுக்கடைக்கு வந்த குட்டையான ஆள் ஒருத்தன் கொலை செய்தவனைப் போலப் பேசினான், ஏரிப் பக்கம் தங்கியிருப்பதாகச் சொன்னான் என்று பெரியவர் சுற்றிச் சுற்றிச் சொல்கிறார். வழக்கையே முடித்துவைக்கப் போகிற துப்பு அது. சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்து, ராத்திரி குளிர் அதிகமாகும் போலிருக்கிறதே என்று பேசிவிட்டுப் பிரிகிறார்கள். நான் முதல்முறை இந்தக் காட்சியில் போனை நோண்டிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பேச்சுவழக்கை வைத்துத்தான் படத்தின் மீது நியாயமான ஒரு குற்றச்சாட்டும் உண்டு. படம் வந்தபோது மினசோட்டாக்காரர்கள் பலருக்குக் கோபம்: எங்களைப் பட்டிக்காட்டான் ஆக்கிவிட்டார்கள், நாங்கள் இப்படியா பேசுகிறோம் என்று. எடுத்த ஜோயல் கோயன், ஈதன் கோயன் இருவரும் அதே மாநிலத்தில், மினியாபொலிஸை ஒட்டிய செயின்ட் லூயிஸ் பார்க்கில் வளர்ந்தவர்கள்தான். ஆனாலும் ஊரை விட்டுப் போன பிள்ளை ஊரைப் பற்றிச் சொன்னால் ஊர்க்காரனுக்கு உறுத்தத்தான் செய்யும். மண்ணின் மைந்தர்களைக் கேலி செய்கிறார்கள் என்று எழுதிய விமர்சகர்களும் உண்டு. அந்தக் கேலி ஓரளவு இருக்கிறது என்றுதான் நானும் சொல்வேன். குறிப்பாக, கடத்தப்பட்ட ஜீனுக்குப் படம் கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை. முகத்தில் துணி கட்டப்பட்டு அவள் பனியில் தட்டுத்தடுமாறி ஓடுவதைப் பார்த்து கார்ல் சிரிக்கிறான். காமிராவும் அவனோடு சேர்ந்து கொஞ்சம் சிரிக்கிற மாதிரிதான் எனக்குப் பட்டது. அவள் செத்துப்போவதுகூட நமக்குக் காட்டப்படுவதில்லை. இந்த மனத்தாங்கல் எனக்கு இன்றும் தீரவில்லை.

கோபித்துக்கொண்ட ஊர் பிற்பாடு சமாதானம் ஆகிவிட்டது. அந்த மெஷினை ஃபார்கோ நகரத்துச் சுற்றுலாத் தகவல் மையத்தில் வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் பொம்மைக் காலைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை, ஃபார்கோ இருப்பது வடக்கு டகோட்டாவில். படத்தில் அந்த ஊர் வருவது முதல் காட்சியில் மட்டும்தான். மிச்சக் கதை மினசோட்டாவில், பிரெய்னர்ட் என்கிற சிறு நகரத்திலும் மினியாபொலிஸிலும் நடக்கிறது. படமெடுத்த 1995 குளிர்காலத்தில் மினசோட்டாவில் பனி போதாமல் வடக்கு டகோட்டாவுக்குப் போய்ப் பல காட்சிகளை எடுத்தார்கள் என்பது தனிக்கதை.

அழுதுவிட்டுப் போகிற நண்பனுக்கு வருகிறேன். மைக் யானகிடா, மார்ஜோடு பள்ளியில் படித்தவன். டிவியில் அவளைப் பார்த்துவிட்டு ராத்திரியில் போன் செய்கிறான். மினியாபொலிஸ் ஹோட்டல் ஒன்றில் சந்திக்கிறார்கள். எதிரே உட்கார்ந்தவன் எழுந்து அவள் பக்கத்தில் வந்து உட்காருகிறான். அவளோ, எதிரே உட்காரேன், உன்னைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்காது என்று அனுப்பிவைக்கிறாள். மனைவி ரத்தப் புற்றுநோயில் இறந்துவிட்டாள் என்று உடைந்து அழுகிறான். பிறகு ஒரு தோழியிடம் பேசும்போதுதான் தெரிகிறது, எல்லாம் பொய். அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள், இவனுக்கு மனைவியாக இருந்ததே இல்லை.

படத்தில் வெட்டியிருக்க வேண்டிய காட்சி இது என்று சொல்பவர்கள் ஏராளம். இதற்கு ரசிகர்களிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது: இவ்வளவு கச்சிதமாக ஒருத்தன் பொய் சொல்ல முடியும் என்று தெரிந்த பிறகுதான் மார்ஜுக்கு ஜெர்ரி மேல் சந்தேகம் வலுக்கிறது, மறுபடி ஷோரூமுக்குப் போகிறாள், அவன் பேச்சை உதறிவிட்டு ஓடுகிறான் என்று. காட்சிகளின் வரிசை அப்படித்தான் இருக்கிறது. ஆனால் படம் அதை வாய்திறந்து சொல்வதில்லை, நானும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள மாட்டேன். எனக்கு அந்தக் காட்சி வேறு ஒன்றுக்காகத் தேவைப்படுகிறது. ஜெர்ரியும் தேன் ஒழுகப் பேசுபவன்தான், மார்ஜும் அப்படித்தான். யாரையும் நேருக்கு நேர் ‘முடியாது’ என்று சொல்லத் தெரியாத ஊர். ஜெர்ரிக்கு அந்தப் பணிவு ஒளிந்துகொள்கிற போர்வை. மார்ஜோ அதே பணிவை வைத்துக்கொண்டே, கழுத்து வலிக்கும் என்கிற அற்பக் காரணத்தைச் சொல்லி, ஒருத்தனைச் சங்கடப்படுத்தாமல் எட்ட உட்கார வைக்கிறாள். அந்த ஒரு வரிக்காகவே ஃபிரான்சஸ் மெக்டார்மண்டுக்கு ஆஸ்கரைக் கொடுத்திருக்கலாம். கொடுத்தார்கள், வேறு காட்சிகளையும் பார்த்துத்தான் கொடுத்திருப்பார்கள்.

ஆஸ்கர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஏழு பரிந்துரைகள், இரண்டு விருதுகள்: சிறந்த நடிகை, சிறந்த அசல் திரைக்கதை. படத்தொகுப்புக்காகப் பரிந்துரைக்கப்பட்ட ராட்ரிக் ஜேன்ஸ் என்று ஓர் ஆளே கிடையாது, கோயன் சகோதரர்கள் வைத்துக்கொண்ட புனைபெயர். கேன்ஸ் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருதும் கிடைத்தது. சுமார் எழுபது லட்சம் டாலரில் எடுத்த சிறிய படம் உலகம் முழுக்க ஆறு கோடி டாலர் அளவுக்கு வசூலித்தது. விருதுப் பட்டியலைக் காட்டி உங்களை மசியவைக்க நான் விரும்பவில்லை, கேட்டீர்களே என்று சொன்னேன்.

உண்மைக் கதையா? இல்லை. 1987-இல் மினசோட்டாவில் நடந்தது, இறந்தவர்களுக்கு மரியாதையாக நடந்ததை நடந்தபடியே சொல்கிறோம் என்று ஆரம்பத்தில் போடுவார்கள். கடைசியில் பொடி எழுத்தில், எல்லாம் கற்பனை என்ற வழக்கமான வாசகமும் ஓடும். அங்கங்கே நிஜத்தின் துணுக்குகள் உண்டு. மனைவியைக் கொன்று மரம் அரைக்கும் மெஷினில் போட்ட கொலை ஒன்று 1986-இல் கனெக்டிகட்டில் நடந்தது, மினசோட்டாவுக்கு ரொம்ப தூரம். உண்மை என்று நம்பிவிட்டால் பார்வையாளர்கள் சில விஷயங்களைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வார்கள் என்பதுதான் இயக்குநர்களின் கணக்கு. இதனால் கடுப்பானவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என்னைக் கேட்டால், மென்மையாகப் பேசிப் பொய் சொல்கிற ஒருவனைப் பற்றிய படம், ஆரம்பத்திலேயே மென்மையாக ஒரு பொய்யைச் சொல்வது பொருத்தம்தான்.

படத்தின் முதல் ஷாட்டையும் ஒருமுறை திரும்பப் பாருங்கள். வெறும் வெள்ளை. அதிலிருந்து ஒரு கார், இன்னொரு காரை இழுத்துக்கொண்டு வருகிறது. கார்ட்டர் பர்வெல்லின் இசை, பழைய நார்வே நாட்டுப்பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஏதோ ஒரு பேரரசன் படையோடு வருகிறான் என்பதுபோல முழங்குகிறது. வருவது யார்? மனைவியைக் கடத்துவதற்குக் கூலியாகக் கொடுக்க, ஷோரூம் காரை இழுத்துவரும் ஜெர்ரி. ரோஜர் டீகின்ஸ் ஒளிப்பதிவில் அந்த வெள்ளை எல்லாரையும் எறும்பு அளவுக்குச் சுருக்கிவிடுகிறது. எனக்கு முதல் சிரிப்பு இப்போதெல்லாம் அங்கேயே வந்துவிடுகிறது.

கடைசிக் காட்சி பலருக்கு ‘அவ்வளவுதானா?’ என்று இருக்கும். படுக்கையில் நார்மும் மார்ஜும். நார்ம் வரைந்த வாத்து ஓவியம் தபால்தலைக்குத் தேர்வாகியிருக்கிறது, ஆனால் மூன்று சென்ட் ஸ்டாம்புக்குத்தான். பெரிய ஸ்டாம்ப் வேறொருவருக்குப் போய்விட்டது. யார் வாங்கப்போகிறார்கள் மூன்று சென்டை என்கிறான். தபால் கட்டணத்தை ஏற்றும்போதெல்லாம் பழைய ஸ்டாம்போடு சேர்த்து ஒட்ட எல்லாருக்கும் சின்ன ஸ்டாம்ப்தானே வேண்டும் என்கிறாள் மார்ஜ். நாலு டாலருக்காக, பாதி காருக்காகக் கொதித்தவர்களை ஒன்றரை மணி நேரம் பார்த்துவிட்டு இதைக் கேட்க வேண்டும்.

பணத்தைக் கேட்டீர்கள். கார்ல் அதைப் புதைக்கிற இடம் நெடுஞ்சாலையோரம், ஒரு முள்கம்பி வேலி ஓரம். அடையாளம் வைக்க இடப்பக்கம் பார்க்கிறான்: கண்ணுக்கெட்டிய தூரம் வேலி, ஒரே மாதிரிக் கம்பங்கள், பனி. வலப்பக்கம் பார்க்கிறான்: அதே வேலி, அதே கம்பங்கள், அதே பனி. யோசித்துவிட்டு, கார் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டுகிற சின்ன பிளாஸ்டிக் துண்டை எடுத்து நட்டுவைக்கிறான். ஜெர்ரி கொண்டுவந்த பார்க்கிங் லாட் ஒப்பந்தம் மாமனாரிடம் கைநழுவிப்போன நாளில் அவன் ஆத்திரம் தாங்காமல் காரில் அடித்தானே, அந்த மாதிரிச் சுரண்டிதான். பணம் அங்கே இருப்பது கார்லுக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த முறை அவனுடைய காலைத்தான் நாம் பார்க்கிறோம்.